எட் ரோத் பெயரில் வரும் பழைய பொருளை வாங்கும் முன் சோதிப்பது எப்படி

அமெரிக்கக் கார் கலைஞரும் கார்ட்டூன் ஓவியருமான எட் ரோத்தின் பெயரில் வரும் பொருளைக் காட்டி, "எட் ரோத் ஒரிஜினல் சார், அறுபதுகள்ல வந்தது" என்று ஒருவர் சொன்னால் அதற்குள் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. பொருள் 1960களில் தயாரானது என்பது முதலாவது. அதிலுள்ள படமோ, தூரிகையால் இழுத்த அலங்காரக் கோடோ ரோத்தின் கைவேலை என்பது இரண்டாவது. மேலே இருக்கும் கையெழுத்து அவரே போட்டது என்பது மூன்றாவது. விலையை மூன்றுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். ஆதாரம் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. சோதனையையும் இதே வரிசையில் செய்யுங்கள். கையெழுத்தில் ஆரம்பித்தால் மனம் முதலிலேயே நம்பிவிடும், பிறகு பெட்டியில் இருக்கும் தப்பு கண்ணில் படாது.

ஆளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். ரோத் 1932இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். 'அவுட்லா', 'பீட்னிக் பேண்டிட்', 'மிஸ்டீரியன்' போன்ற ஃபைபர்கிளாஸ் கஸ்டம் கார்களைக் கட்டியவர். பிதுங்கிய கண்ணும் வயிற்றில் 'ஆர்.எஃப்.' என்ற எழுத்துகளும் கொண்ட ரேட் ஃபிங்க் என்ற எலி அவருடைய அடையாளம். 1960களில் அவருடைய ஸ்டுடியோ மேவுட் ஊரின் ஸ்லாசன் அவென்யூவில் இருந்தது. 1980களின் பிற்பகுதியில் யூட்டா மாநிலத்து மான்டிக்குக் குடிபோனார், 2001 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். கடைசி வரை வரைந்துகொண்டும் கையெழுத்துப் போட்டுக்கொண்டும் இருந்தவர். அதனால் கையெழுத்து அசல் என்றே வைத்துக்கொண்டாலும் பொருள் 1963ஐச் சேர்ந்தது என்று ஆகிவிடாது. அது 1998இன் கையெழுத்தாகவும் இருக்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. என்.எஸ்.சி. போஸ் ரோடு பக்கம் நகை வேலைக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டுவதும் போதும். 365 நானோமீட்டர் யூவி டார்ச் ஒன்று. ரூபாய் நோட்டு பார்க்க விற்கும் மலிவான 395 நானோமீட்டர் டார்ச்சில் ஊதா வெளிச்சமே அதிகம் தெரியும், காகிதம் ஒளிர்வதைச் சரியாகப் பார்க்க முடியாது. டிஜிட்டல் வெர்னியர் காலிபர், 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு, சாதாரண வெள்ளை எல்இடி டார்ச். இவையெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் முடிந்துவிடும். அசிட்டோன், தின்னர், பெட்ரோல் எதையும் எடுத்துப் போக வேண்டாம். ஒரு சொட்டு பட்டால் பொம்மைக் கிட்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் குழைந்துவிடும், உடைத்தவர் காசு கொடுக்க வேண்டியதுதான்.

ரெவெல் கிட்: அதிகம் வருவதும் அதிகம் குழப்புவதும்

ரெவெல் கம்பெனி 1960களின் முதல் பாதியில் ரோத்தின் கார்களையும் பூத உருவங்களையும், பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட்டாக வெளியிட்டது. ரேட் ஃபிங்க் கிட் 1963, எண் எச்-1305. பிற்காலத்தில் அதே அச்சுகளிலிருந்து ரெவெல் பல முறை மறுவெளியீடு செய்தது. இதில்தான் சிக்கல். பிளாஸ்டிக்கின் உட்புறம் பதிந்திருக்கும் காப்புரிமை ஆண்டு அச்சு வெட்டிய ஆண்டு. அந்தப் பிளாஸ்டிக்கை ஊற்றிய ஆண்டு அல்ல. "பாருங்க, 1963ன்னு போட்டிருக்கு" என்று ஒரு பாகத்தைத் திருப்பிக் காட்டினால் தலையாட்டிவிட்டுப் பெட்டியை வாங்கிப் பாருங்கள்.

பெட்டியில் முதலில் தேட வேண்டியது அங்கே இருக்கக் கூடாதவற்றை. பார்கோடு கடைகளில் புழக்கத்துக்கு வந்தது 1974இல். பார்கோடு இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது. ஐரோப்பியப் பாதுகாப்பு முத்திரையான சிஇ குறி 1990களைச் சொல்லும். ரெவெலும் மோனோகிராம் என்ற இன்னொரு கிட் கம்பெனியும் ஒன்றானது 1986இல். 'ரெவெல்-மோனோகிராம்' என்றோ, மோனோகிராமின் ஊரான இல்லினாய் மாநிலத்து மார்ட்டன் குரோவ் முகவரியோ இருந்தால் அது மறுவெளியீடுதான். அசல் பெட்டியில் கலிஃபோர்னியாவின் வெனிஸ் ஊர் இருக்கும். அமெரிக்காவின் ஐந்து இலக்க அஞ்சல் எண்ணான ஜிப் கோடு 1963 ஜூலை 1 அன்றுதான் வந்தது. அதற்கு முன் அச்சானதாகச் சொல்லும் எதிலும் அந்த எண் இருக்க முடியாது. இல்லாததை வைத்து மட்டும் பழையது என்று முடிவுகட்டவும் வேண்டாம். பல கம்பெனிகள் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் பழைய முகவரியையே அச்சடித்தன.

அடுத்தது லென்ஸ். மூடியின் வண்ணப் படத்தைப் பாருங்கள். ஆஃப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்கான சாய்வில் சின்னச் சின்ன வட்டங்களாக அடுக்கியிருக்கும். இங்க்ஜெட் பிரதியில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் தெளித்த மாதிரி சிதறும். லேசர் பிரதியில் டோனர் தூள் காகிதத்தின் மேலேயே பளபளவென்று உட்கார்ந்திருக்கும். இதைவிட உறுதியான இடம் கறுப்பு எழுத்து. அசலில் சின்ன எழுத்துகள் ஒரே கறுப்பு மையில், கூர்மையான விளிம்போடு இருக்கும். ஸ்கேன் செய்து அடித்த பெட்டியில் அந்தக் கறுப்பே நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளால் ஆனதாகத் தெரியும், எழுத்தின் ஓரம் பிசிறும். பழைய புள்ளிகளின் மேல் புதிய புள்ளிகள் விழுவதால் வானம், கன்னம் போன்ற சமமான நிறப் பரப்பில் அலை அலையாக ஒரு கோலம் வரும். அதைக் கண்டால் மூடியைக் கீழே வைத்துவிடலாம்.

யூவி வெளிச்சத்தைப் பற்றி ஒரு தவறான விதி சுற்றிக்கொண்டிருக்கிறது: "காகிதம் நீலமா மின்னினா டூப்ளிகேட்." காகிதத்தை வெளுப்பாக்கும் ஒளிர்பொருள்கள் 1950களிலேயே பரவிவிட்டன. எனவே 1930களின் தபால் அட்டைக்குப் பொருந்தும் விதி 1963ஆம் ஆண்டுப் பெட்டிக்குப் பொருந்தாது. யூவி இங்கே வேறு விதத்தில் உதவும். ஒரே பெட்டியின் மூடியும் அடிப்பெட்டியும் இரண்டு விதமாக ஒளிர்ந்தால் இரண்டு பெட்டிகளைச் சேர்த்திருக்கிறார்கள். மூலையில் மட்டும் பளிச்சென்று இருந்தால் அங்கே புதுக் காகிதம் ஒட்டிச் சரிசெய்திருக்கிறார்கள்.

பழுப்பு நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சென்னையின் ஈரக்காற்றில் 1995இல் வந்த பெட்டியும் அரைக் கிழவனாகிவிடும். புள்ளிப் புள்ளியாகப் பூஞ்சைக் கறை, ராமபாணப் பூச்சி அரித்த ஓரம், செல்லோ டேப்பின் மஞ்சள் தழும்பு எல்லாம் இந்த ஊரில் பத்து மழைக்காலத்தில் வந்து சேரும். வேண்டுமென்றே பழுப்பாக்கியதைக் கண்டுபிடிக்க, மடிப்புகளின் உள்ளே பாருங்கள். இயல்பாகப் பழுத்த காகிதத்தில் வெளிச்சமும் காற்றும் பட்ட பக்கம் அதிகமாகவும், மடிப்புக்குள் குறைவாகவும் பழுத்திருக்கும். டீ டிகாஷனில் நனைத்ததில் நிறம் மடிப்புக்குள்ளும் சமமாக ஏறியிருக்கும், உலர்ந்த இடத்தில் அலைக்கோடு போல ஒரு கரை நிற்கும், முன்னும் பின்னும் ஒரே நிறமாக இருக்கும்.

பாகங்களுக்கு வருவோம். ரெசின் வார்ப்புப் பிரதிகளும் உண்டு. அசல் ஊசி வார்ப்புப் பாகத்தின் உட்புறத்தில், அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிவிடும் கம்பியின் வட்டத் தடங்கள் சில மில்லிமீட்டர் அகலத்தில் தெரியும். பாகங்கள் கிளைக்குச்சியில் கோத்தபடி வரும், அல்லது அதை வெட்டிய தழும்பு இருக்கும். ரெசினில் வட்டத் தடம் இருக்காது, இருந்தாலும் மங்கிப்போன நகலாக இருக்கும். மூக்கு நுனி, விரல் இடுக்கு போன்ற இடங்களில் குண்டூசி முனை அளவு காற்றுக்குழிகள் இருக்கும். அளவையும் எடுங்கள். ரெசின் இறுகும்போது சுருங்குவதால் நீளமான பாகம் அசலைவிடக் குறைவாக வரும். 100 மில்லிமீட்டரில் அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் காலிபர் காட்டிக்கொடுக்கும். ஒப்பிட ஒரு மறுவெளியீட்டுக் கிட் போதும். அச்சு ஒன்றே என்பதால் அதன் அளவுதான் அசலின் அளவும்.

உப்புத் தண்ணீரில் மிதக்கவிடும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். பாலிஸ்டைரீனின் அடர்த்தியும் சாதாரண பாலியூரித்தேன் ரெசினின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டும் மிதக்கும், எதுவும் விளங்காது. சூடான ஊசியைக் குத்தி மோந்து பார்க்கும் வேலை இன்னும் மோசம்.

கார் கிட்டாக இருந்தால் டயரையும் பாருங்கள். மென்மையான வினைல் டயரிலிருந்து எண்ணெய் போன்ற பொருள் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை உருக்கிப் பள்ளம் போடும். பல ஆண்டுகள் ஒன்றாகக் கிடந்ததற்கு அது ஒரு சாட்சி. ஆனால் மொட்டை மாடி அறையின் வெயிலில் இருபது வருடம் கிடந்த மறுவெளியீட்டிலும் அதே பள்ளம் வரும்.

"சீல் பிரிக்காதது" என்பதற்கு அதிக விலை கேட்டால் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஷ்ரிங்க் ஃபிலிம் ரோல் பாரிமுனையில் கிடைக்கிறது, ஒரு ஹீட் கன் இருந்தால் பத்து நிமிட வேலை. பழைய உறை விறைத்துப்போய், பெட்டியின் ஓரங்களை உள்வளைத்து இழுத்திருக்கும். பெட்டியில் தேய்மானமும் அழுக்கும் இருந்து, உறை மட்டும் சுத்தமாக இருந்தால் அழுக்கு உறைக்கு அடியில் எப்படிப் போனது என்று கேளுங்கள்.

டெக்கால், ஸ்டிக்கர்

ரோத் ஸ்டுடியோ விற்றவை தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கால்கள், சில்க் ஸ்கிரீன் அச்சு. எல்இடி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் மை காகிதத்துக்கு மேல் மெல்லிய மேடாக நிற்பது தெரியும், ஒவ்வொரு நிறமும் தனிப் படலமாக இருக்கும். நிறங்கள் ஒன்றோடொன்று கொஞ்சம் விலகியிருப்பது சகஜம். வீட்டு இங்க்ஜெட்டில் அடித்த டெக்காலில் வெள்ளை மை கிடையாது. எலியின் பல்லும் கண்ணும் காகிதத்தின் வெண்மையாகத்தான் இருக்கும், புள்ளிகளும் லென்ஸில் தெரியும். பின்பக்கம் உரித்து ஒட்டும் வினைல் ஸ்டிக்கரை 1963 என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

ஹாட் வீல்ஸ் பீட்னிக் பேண்டிட்

மேட்டல் பொம்மைக் கம்பெனி 1968இல் வெளியிட்ட முதல் பதினாறு ஹாட் வீல்ஸ் குட்டிக் கார்களில் ஒன்று இது, எண் 6217. ரோத்தின் கார் வடிவம், ஆனால் பொருள் மேட்டலுடையது. ரோத்தின் கை இதில் பட்டிருக்க வாய்ப்பு கையெழுத்தில் மட்டும்தான். அடித்தட்டில் நாட்டின் பெயரைப் பாருங்கள்: அமெரிக்கா அல்லது ஹாங்காங். மலேசியா, சீனா, தாய்லாந்து என்றால் பிற்கால வெளியீடு. இங்கும் காப்புரிமை ஆண்டு பழையதாகவே இருக்கும், அதை நம்ப வேண்டாம். கூரையை மெல்ல அழுத்தினால் 1968 காரின் மெல்லிய அச்சுக்கம்பி நெகிழ்ந்து சக்கரம் ஸ்பிரிங் போல எழும்பும்.

வண்ணம் பூசி விற்பதுதான் இங்கே பெரிய ஏமாற்று. ஸ்பெக்ட்ராஃபிளேம் என்ற அந்தப் பூச்சு, பளபளப்பாக்கிய உலோகத்தின் மேல் போட்ட ஒளிபுகும் வண்ணம். பழையதில் நிறத்துக்கு அடியில் உலோகம் கறுத்துப் புள்ளிகளாகத் தெரியும். கடற்காற்றில் இது சீக்கிரமே வரும். குறையே இல்லாமல் மின்னும் ஐம்பது வருடக் கார் என்றால் அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளை லென்ஸில் பாருங்கள். காரைப் பிரிக்க அவற்றைத் துளையிட்டுத்தான் ஆக வேண்டும். தட்டிப் பரப்பிய தலை முழுதாக இல்லாமல் துளை, பசை, திருகு எது தெரிந்தாலும் கார் திறக்கப்பட்டிருக்கிறது. உடல் அசலாகவே இருக்கலாம், பூச்சும் கண்ணாடியும் சக்கரமும் நேற்று வந்தவையாக இருக்கலாம்.

டி-ஷர்ட்

இதில் தமிழ்நாட்டுக்காரர்களை ஏமாற்றுவது கஷ்டம், திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது. என்சைம் வாஷ், ப்ளீச், கல் வாஷ் என்று ஒரே ஷிஃப்டில் முப்பது வருடப் பழமையை ஏற்றும் தொழில்நுட்பம் நம் ஊர்க்காரர்கள் அறிந்ததுதான். வெளுத்த நிறத்தையும் வெடித்த பிரிண்டையும் ஆதாரமாக எடுக்கவே வேண்டாம்.

கழுத்து லேபிளைப் படியுங்கள். துவைக்கும் முறையை நிரந்தரமாகத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 1972 ஜூலையில் வந்தது. துவைக்கும் குறிப்பு தைத்திருந்தால் 1960கள் என்ற பேச்சு மிகவும் பலவீனமாகிவிடும். லேபிளில் 'ஆர்.என்.' என்று ஒரு பதிவெண் இருந்தால் அதை அமெரிக்க வணிக ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடி, எந்தக் கம்பெனி என்று பார்க்கலாம். கீழ் மடிப்பில் இரட்டை ஊசித் தையல் ஓடினால் பெரும்பாலும் 1990களுக்குப் பிந்தையது. யூவியில் துணி ஒளிர்வதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, சோப்புத்தூளில் இருக்கும் வெளுப்பான் எந்தத் துணியையும் ஒளிர வைக்கும். உள் தையலிலிருந்து விற்பவர் அனுமதியோடு ஒரு சென்டிமீட்டர் நூலை எடுத்துக் கொளுத்துங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

டி.நகரில் தொங்கும் 'வான் டச்' தொப்பிகளையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். வான் டச் என்ற கென்னத் ஹவர்ட் கோடு போடும் ஓவியர், ரோத் அல்ல. அவர் 1992இல் இறந்தார். அவர் பெயரில் உள்ள துணி பிராண்ட் அதற்குப் பிறகு வந்தது. அந்த லேபிள் கொண்ட எந்தத் துணியையும் அவர் பார்த்ததே இல்லை.

யார் வரைந்தது

பொருள் பழையது என்று உறுதியான பிறகுதான் இந்தக் கேள்வி. ரோத் ஸ்டுடியோவில் பலர் வரைந்தார்கள். எட் நியூட்டன், ராபர்ட் வில்லியம்ஸ் இருவரும் பின்னாளில் தனிப்பெயர் பெற்றவர்கள். 1960களின் பிற்பகுதி விளம்பரங்களிலும் சட்டைப் படங்களிலும் அவர்கள் கை நிறைய உண்டு. அச்சான பொருளில் ரோத் பெயர் இருப்பது முத்திரை மட்டுமே. ஸ்டுடியோவுக்கு வெளியிலும் ஆட்கள் இருந்தார்கள். டெட்ராய்ட்டின் ஸ்டான்லி மவுஸ் அதே பாணியில் ஏர்பிரஷ் பூதச் சட்டைகள் விற்றார். ஹாக் கம்பெனி 'வியர்ட்-ஓஸ்' கிட்களை வெளியிட்டது. நாக்கு தொங்கி, கியர் கம்பியைப் பிடித்திருக்கும் எந்தப் பூதத்தையும் ரோத் கணக்கில் எழுதிவிடுவது பழக்கமாகிவிட்டது.

கையால் வரைந்தது என்று சொல்லும் பலகை, ஹெல்மெட், பெட்ரோல் டேங்க் வந்தால் பக்கவாட்டு வெளிச்சம்தான் முதல் சோதனை. தூரிகைக் கோடு தொடக்கத்தில் மெலிந்து, நடுவில் அகன்று, முடிவில் மறுபடி மெலியும். இரண்டு கோடுகள் சேரும் இடத்தில் எனாமல் மேல் எனாமல் ஏறியிருக்கும். டேப் ஒட்டிப் பூசியதில் இரு ஓரமும் படி போல வெட்டி நிற்கும், சில இடங்களில் டேப்புக்கு அடியில் மை கசிந்திருக்கும். வினைல் வெட்டுக் கோட்டின் தடிமன் முழுக்க ஒன்றே. புதுப்பேட்டையில் லாரிக்கும் ஆட்டோவுக்கும் கையால் எழுதிப் பழகிய பெயின்டர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். ரோத் யாரென்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரே இழுப்பில் வந்த கோடா, பயந்து பயந்து ஒட்டுப் போட்ட கோடா என்று பார்த்ததும் சொல்லிவிடுவார். நகலெடுக்கிறவன் மெதுவாகத்தான் இழுப்பான், அந்தத் தயக்கம் வளைவுகளில் நடுக்கமாக நிற்கும்.

ஈயம் கலந்த எனாமல் அந்தக் காலத்தில் வழக்கம், அதனால் ஈயம் இருப்பது காலத்தோடு ஒத்துப்போகும். அதற்கு மேல் அதில் பொருள் இல்லை, நம் ஊரிலும் ஈயப் பெயின்ட் வெகுகாலம் விற்றது. நகைக்கடை கேரட் மீட்டரில் காட்டலாமா என்று கேட்பார்கள். அது தங்கக் கலப்புக்கு அளவீடு செய்த கருவி, பெயின்டுக்கு அது தரும் எண்ணை எழுதி வைக்க வேண்டாம். பொருளின் விலை நியாயப்படுத்தினால் ஐஐடி மெட்ராஸின் சாய்ஃப் ஆய்வு மையம் வெளியாருக்கும் கட்டணத்துக்குச் சோதனை செய்கிறது. ஆனால் அதுவும் பெயின்ட் எதனால் ஆனது என்றுதான் சொல்லும், யார் பூசியது என்று சொல்லாது.

கையெழுத்தில் லென்ஸ் பார்க்க வேண்டியவை: பால்பாயின்ட் காகிதத்தில் பள்ளம் விடும், மை திட்டுத்திட்டாக நிற்கும். அச்சடித்த கையெழுத்தில் இரண்டும் இருக்காது. ஷார்ப்பி மார்க்கர் 1964இல்தான் வந்தது. 1963 பெட்டியில் ஷார்ப்பி கையெழுத்து இருந்தால் பின்னாளில் போட்டது என்று மட்டும் பொருள், போலி என்று ஆகாது. பெட்டியின் கீறல் கோட்டின் மேல் ஓடுகிறதா, அல்லது மை கீறலுக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மை கீறலுக்குள் இறங்கியிருந்தால் பெட்டி தேய்ந்த பிறகு எழுதியது. விற்பவரே அடித்துக் கொடுக்கும் சான்றிதழுக்கு மதிப்பு கிடையாது. கையெழுத்தைச் சோதித்துச் சான்று தரும் பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ போன்ற அமெரிக்க நிறுவனங்களின் சான்று என்றால் எண்ணை அவர்கள் தளத்தில் நீங்களே போட்டுத் தேடுங்கள். வருகிற விவரமும் கையில் இருக்கும் பொருளும் ஒன்றா என்று பாருங்கள்.

"மாமா கப்பல்ல இருந்தாரு"

சென்னையில் எல்லாப் பழைய அமெரிக்கப் பொருளுக்கும் ஒரு கப்பல்கார மாமா உண்டு. கதையைக் கேளுங்கள், ஆனால் காகிதமாகக் கேளுங்கள். பழைய ரசீது காட்டினால் ஆறு இலக்கப் பின்கோடு இருக்கிறதா பாருங்கள், அது 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது 1969இல். ஆங்கில ரசீதில் 'மெட்ராஸ்' போய்ச் 'சென்னை' வந்தது 1996க்குப் பிறகு. மூர் மார்க்கெட்டில் வாங்கியது என்றால், பழைய கட்டடம் 1985இல் எரிந்துபோனது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் பணம் கட்டும் முன் படங்கள் கேளுங்கள்: பெட்டியின் ஆறு பக்கங்கள், கிளைக்குச்சியோடு பாகங்கள், டெக்கால் தாளின் இரு பக்கமும், காப்புரிமை வரி படிக்கும்படி, பக்கவாட்டு வெளிச்சத்தில் கையெழுத்து. இங்கிருந்து திருப்பி அனுப்பும் செலவில் பொருளின் பாதி விலை போய்விடும். படம் அனுப்ப மறுப்பவரிடம் மூன்றாவது முறை கேட்க வேண்டாம். எழுத்தில் வாங்க வேண்டிய வரி "ஒரிஜினல்" அல்ல. "1963 ரெவெல் வெளியீடு, மறுவெளியீடு அல்ல, பாகங்கள் முழுமை" என்பது போல, பொய்யானால் பணத்தைத் திருப்பிக் கேட்க முடிகிற வரி.

வாங்கி வந்தபின் பீரோவில் அந்துருண்டையோடு வைக்காதீர்கள், அதன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, நீல மணிகள் நிறம் மாறியதும் வாணலியில் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுங்கள். வினைல் டயர்களைக் கழற்றித் தனிக் கவரில் வையுங்கள்.